ஸ்டிக்கரை விடுங்கள், சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள்

போன இதழில் பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்தான். பையனுக்கு எத்தனை இஞ்ச் சைக்கிள் வாங்கலாம், கியர் தேவையா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை, நான் பலெர்மோவில் ஒரு வயதான ஐயாவைப் பராமரிக்கிற வேலை செய்தனான். அவர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்யேக்க, நிலவறையில் கிடந்த ரேஸ் சைக்கிளை அவருடைய மகள் எனக்குத் தந்தவா. தூரிகையால் அடிச்ச மாதிரி சிவப்புப் பெயிண்ட். பெயர் ஒண்டும் இல்லை. கியரிலும் பிரேக்கிலும் கம்பன்யோலோ எண்டு இருக்கு. இங்க ஒரு கடைக்காரர் 80 யூரோ தாறன் எண்டு சொல்லுறார். குடுக்கலாமோ? – வாசகர், பலெர்மோ

80 யூரோவுக்கா? கொடுக்காதீர்கள் தம்பி. கம்பன்யோலோ என்பது ரேஸ் சைக்கிள் பாகங்கள் செய்கிற பேர்பெற்ற இத்தாலியக் கம்பெனி. அந்தப் பின்பக்க டெரெய்லரை, அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றுகிற பாகத்தை, தனியாகக் கழற்றி விற்றாலே அதில் பாதிக்குக் குறையாமல் வந்துவிடும். கடைக்காரருக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் முதலில் அனுப்பிய படங்கள் எல்லாமே இடப்பக்கமிருந்து எடுத்தவை. எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் அனுப்புகிறார்கள், ஏனென்று எனக்குப் புரிவதில்லை. ரேஸ் சைக்கிளில் பார்க்க வேண்டிய பக்கம் செயின் ஓடுகிற வலப்பக்கம். டெரெய்லர், கிராங்க், ஃப்ரீவீல், பின்சக்கரத்தைத் தாங்கும் டிராப்அவுட் என்று சொல்லத்தக்க எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அப்புறம் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தை எடுத்து அனுப்பச் சொன்னேன் இல்லையா, அந்த ஒரு படத்தில்தான் விஷயமே இருந்தது.

இரண்டு கிராங்கும் சுழலும் அச்சைச் சுற்றி ஒரு கூடு இருக்கிறதே, நம்மூர் சைக்கிள் கடையில் பிபி என்பார்கள், அதன் அடியில் சிவப்புப் பெயிண்ட் கட்டி கட்டியாக அப்பிக் கிடக்கிறது. அந்தப் பெயிண்ட்டுக்கு நடுவே ஓர் ஓட்டை. தண்ணீர் வடியத் துளைத்த வட்ட ஓட்டை இல்லை, மூன்று இதழும் ஒரு காம்புமாக, சீட்டுக்கட்டில் வருகிற கிளாவர். அது கொல்னாகோ என்ற இத்தாலிய ரேஸ் சைக்கிள் கம்பெனியின் முத்திரை. முன் ஃபோர்க்கின் தலைப்பகுதியில், பிரேக்குக்கு இரண்டு பக்கமும், பெயிண்ட்டுக்கு அடியில் சின்னதாக அதே கிளாவர் மங்கலாகத் தெரிகிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

எர்னெஸ்டோ கொல்னாகோ 1954-ல் மிலானுக்குப் பக்கத்தில் கம்பியாகோ என்ற ஊரில் சின்னப் பட்டறையாக ஆரம்பித்தவர். 1970-ல் மிகேலே டான்செல்லி அவர் கட்டிய சைக்கிளில் மிலான்–சான்ரெமோ பந்தயத்தை ஜெயித்தார். அதற்குமுன் ஓர் இத்தாலியர் அதை ஜெயித்து 17 வருடம் ஆகியிருந்ததால் நாடே கொண்டாடியது. அந்த வெற்றியை ஒட்டித்தான் கிளாவர் ஏஸ் லோகோ வந்தது. ஆக, உங்கள் சைக்கிள் 1970-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. தொடர் எண் ஒன்றும் இல்லையே, திருட்டு சைக்கிளோ, எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். கொல்னாகோ அந்தக் காலத்தில் பெரும்பாலும் தொடர் எண் அடிப்பதில்லை. நீங்கள் பார்த்த 56 என்பது ஃபிரேமின் அளவு, சென்டிமீட்டரில்.

சரி, எந்த வருடம்? டெரெய்லரின் மேற்பகுதியில் 'பேட்டன்ட்-77' என்று வார்ப்பிலேயே இருக்கிறது. கம்பன்யோலோ 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் தன் டெரெய்லர்களில் இப்படி ஆண்டைப் போட்டுவந்தது, அதனால் பழைய சைக்கிள்காரர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். பின்சக்கர ஹப்பின் வெளி நட்டில், அழுக்கைத் துடைத்தால், கம்பன்யோலோ பெயரின் முதல் மூன்று எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். உங்கள் படத்தில் அதுவும் 77. ஒரு பாகத்தில் 77 இருந்தால் அந்தப் பாகத்தின் வயது மட்டும்தான் தெரியும், ஏனென்றால் டெரெய்லர் உடைந்தால் மாற்றிவிடுவார்கள், சக்கரம் போனால் வேறு சக்கரம் வரும். இரண்டு மூன்று பாகங்கள் ஒரே ஆண்டைச் சொல்லி, ஃபிரேமும் அதற்கு ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

உங்கள் ஃபிரேம் ஒத்துப்போகிறது. பிரேக் கேபிள் மேல் குழாயில் வளையக் கிளிப்புகளால் கட்டப்பட்டிருக்கிறது. பின்னாளில் அதற்கான பிடிகளைக் குழாயிலேயே பற்றவைத்துவிட்டார்கள், 80-களில் சிலர் கேபிளைக் குழாய்க்குள்ளேயே விட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் கீழ்க்குழாயில் மட்டும் திருகு ஓட்டைகள் இருக்கின்றன. சீட்டுக் குழாயிலும் சேர்த்து இரண்டு ஜோடி என்பது 80-களில்தான் வழக்கமாயிற்று. கியர் கேபிள் பிபி கூட்டுக்கு மேலாகப் போகிறது, அடியில் போகிறது என்றால் இன்னும் பிந்தியது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பின் ஃபோர்க்கின் உள் அகலம் 120 மி.மீ. என்று அளந்து எழுதியிருந்தீர்கள், அது ஐந்து பல்சக்கர ஃப்ரீவீல் காலத்து அளவு. ஆறு, ஏழு என்றானபோது 126 ஆகிவிட்டது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1977 அல்லது 78-ல் கட்டிய கொல்னாகோ சூப்பர் என்ற மாடல், கம்பன்யோலோவின் நுவோவோ ரெக்கார்ட் வரிசைப் பாகங்களோடு.

சீட்டுக் கம்பியில் 27.2 என்று (மி.மீ. கணக்கில் அதன் தடிமன்) அடித்திருப்பதையும் பார்த்தேன், மனசு நிறைந்தது. குழாயின் வெளி அளவு எல்லா ஃபிரேமிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே சீட்டுக் கம்பி தடிமனாக இருந்தால் குழாயின் சுவர் மெல்லிசு, அதாவது நல்ல எஃகு என்று அர்த்தம். 27.2 என்றால் பெரும்பாலும் மிலானில் செய்த கொலம்பஸ் எஸ்.எல். குழாய். கம்பி 26-ஐ ஒட்டி இருந்தால் சுவர் தடித்த சாதாரணக் குழாய். ஸ்டிக்கர் இல்லாத ஃபிரேமுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. எப்போதாவது ஃபோர்க்கைக் கழற்றினால் அதன் கழுத்துக் குழாய்க்குள் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துப்பாக்கிக் குழலுக்குள் இருப்பதுபோல் சுருள் வரிகள் தெரிந்தால் கொலம்பஸேதான்.

இனி விலை. நல்ல நிலையில், முதல் பெயிண்ட்டும் ஸ்டிக்கரும் போகாமல், எல்லாப் பாகமும் அதே காலத்தது என்றால் கொல்னாகோ சூப்பருக்கு 1,500 யூரோவும் அதற்கு மேலும் கேட்கலாம். உங்களுடையதில் யாரோ புண்ணியவான் வீட்டுக் கதவுக்கு வாங்கிய பெயிண்ட்டை அடித்திருக்கிறார், அதனால் ஆயிரத்தை ஒட்டி நில்லுங்கள். 56 என்பது நிறையப் பேருக்குப் பொருந்துகிற அளவு, அது உங்களுக்குச் சாதகம். இதே சைக்கிள் 49 ஆகவோ 62 ஆகவோ இருந்திருந்தால் மாதக்கணக்கில் ஆள் தேட வேண்டியிருக்கும். பாகம் பாகமாகக் கழற்றி விற்றால் சேர்ந்து விற்பதைவிடக் கொஞ்சம் கூடவே வரலாம். நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் உங்கள் சைக்கிள், உங்கள் இஷ்டம்.

விற்பதற்கு முன்னால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் கழுத்துக்குப் பின்னால், மேல் குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் அடிப்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் எப்போதோ முன்னால் போய் மோதியிருக்கிறது, விலை பாதியாகும். அடுத்தது வலது கிராங்க்: ஐந்து கைகள் பிரிகிற மூலையில், பின்பக்கம், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கம்பன்யோலோ கிராங்குகள் விரிசல் விடுகிற இடமே அதுதான். விரிசல் இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், ஏறி மிதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

சைக்கிளைத் தந்த ஐயாவின் மகளிடம் 'இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஐயா அதை ஓட்டிய பழைய புகைப்படம் ஏதாவது வீட்டில் இருந்தால் ஒரு நகல் கேளுங்கள். சேகரிப்பவர்கள் அதற்கும் பணம் கொடுப்பார்கள்.

என் கணவர் இணையத்தில் '1983 கொல்னாகோ மாஸ்டர், ஒரிஜினல்' என்று போட்டிருந்த சைக்கிளை 2,400 ஃபிராங்குக்கு வாங்கப்போகிறேன் என்கிறார். படத்தை இணைத்திருக்கிறேன். எனக்கு ஏதோ இடிக்கிறது. – வாசகி, சூரிச்

உங்களுக்கு இடிப்பது சரிதான் அம்மா. படத்தில் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், கீழே வரும்போது முன்னோக்கி வளையாமல் குச்சி மாதிரி நேராக இறங்குகிறது. கொல்னாகோ அந்த நேர் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது 80-களின் கடைசியில். 1983 ஃபிரேமில் அது இருந்தால் பின்னால் மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிளே 1983 இல்லை.

மாஸ்டர் என்பதாவது உண்மையா என்று தெரிந்துகொள்ள விற்பவரிடம் மேல் குழாயை அருகில் வைத்து ஒரு படம் கேளுங்கள். மாஸ்டரின் குழாய்கள் உருண்டையாக இருக்காது, நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக அழுத்தியிருப்பார்கள், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி தெரியும், கையால் பிடித்தாலே விரல்கள் பள்ளத்தில் உட்காரும். உருண்டைக் குழாயில் மாஸ்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம். பள்ளம் இருந்தாலும் 1983 ஆகிவிடாது, ஏனென்றால் மாஸ்டரைக் கொல்னாகோ பல வருடம் விடாமல் செய்தது. பழைய மாடல்களுக்கான ஸ்டிக்கர் செட்டுகள் அச்சு அசலாகக் கடையில் கிடைக்கின்றன, பழைய பெயிண்ட் டிசைனைத் திரும்ப அடித்துக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை, ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

ஏன் எல்லாரும் 80-களின் முதல் பாதி என்றே சொல்கிறார்கள் தெரியுமா? பழைய சைக்கிள் விழாக்களில் 1987 வரை செய்தவற்றை மட்டும்தான் அனுமதிக்கிறார்கள் (கடைசிக் கேள்வியில் வருகிறது). ஒரு சைக்கிளை இரண்டு மூன்று வருடம் கூடப் பழையதாகக் காட்டிவிட்டால் போதும், வாங்குகிற கூட்டம் இரட்டிப்பாகும். உங்கள் கணவருக்கு ஓட்டத்தான் வேண்டும், சைக்கிள் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் வாங்கட்டும், ஆனால் 1983-க்கான விலையைக் கொடுக்க வேண்டாம். பிபி கூட்டின் அடி, பின் டிராப்அவுட்டின் உட்புறம், கழுத்துக் குழாய் என்று படம் கேட்டாலே விற்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுப் பச்சை நிறப் பழைய இத்தாலிய சைக்கிளில் சீட்டை இறுக்கும் போல்ட் பின்பக்கம் இல்லாமல் முன்பக்கம், மேல் குழாய் சேரும் இடத்தில் இருக்கிறது. யாரோ தப்பாகப் பற்றவைத்துவிட்டார்களா? – வாசகர், பாசல்

சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது லெஞ்ஞானோ. சீட் போல்ட்டை முன்னால் வைப்பது அந்தக் கம்பெனியின் பழக்கம், அந்தப் பச்சையும் அவர்களுடையதுதான். இத்தாலியின் பழைய பந்தய வீரர் ஜீனோ பார்த்தாலி ஜெயித்த சைக்கிள். யாரிடமும் சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள்.

மிலானில் இருக்கும் என் தம்பி 80-களில் வந்த பியாங்கி ஒன்றை 350 யூரோவுக்கு வாங்கி வைத்திருக்கிறான், வரும்போது கொண்டுவரட்டுமா என்கிறான். அந்த வெளிர் பச்சை-நீல நிறம்தான். பந்தய வீரர் ஃபௌஸ்டோ கோப்பி ஓட்டிய கம்பெனி என்பதால் பெரிய மதிப்பு இருக்குமா? – வாசகர், சென்னை

கம்பெனி அதுதான், சைக்கிள் அது இல்லை. பியாங்கி 1885-ல் மிலானில் ஆரம்பித்த கம்பெனி, அவ்வளவு பழைய, அவ்வளவு பெரிய கம்பெனி என்பதாலேயே பால்காரர் சைக்கிளிலிருந்து கோப்பியின் சைக்கிள்வரை எல்லாம் செய்தது. அந்தச் செலஸ்தே நிறத்தை எல்லாவற்றுக்கும் அடித்தது. கொல்னாகோ, டி ரோசா, மாசி போன்றவர்கள் பந்தயக்காரர்களுக்கென்றே கட்டியவர்கள், அவர்கள் பெயர் இருந்தாலே ஓரளவு நம்பலாம். பியாங்கி, அட்டாலா, லெஞ்ஞானோ மாதிரிப் பெரிய கம்பெனிகளில் பெயரைவிட மாடல்தான் முக்கியம்.

தம்பியிடம் சீட்டுக் கம்பியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், பலெர்மோ தம்பிக்குச் சொன்ன அதே சோதனை. பின் டிராப்அவுட்டையும் பார்க்கட்டும்: தடிமனாக வார்த்து அடித்து, அதில் கம்பன்யோலோ என்று பொறித்திருக்கிறதா, இல்லை தகட்டை வெட்டி நசுக்கின குழாயில் சொருகியிருக்கிறதா? தகடு என்றால் சாதாரண சைக்கிள். டெரெய்லரைத் தொங்கவிடத் தனியாக ஒரு கொக்கி போல்ட் போட்டு மாட்டியிருந்தாலும் அதே கதை. அப்படியானால் 350 அதிகம். சென்னையில் ஓட்ட அழகாகத்தான் இருக்கும், விற்றுக் காசு பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

சீட்டுக் கம்பி அசையவே மாட்டேன் என்கிறது. ஒரு கடையில் அறுத்து எடுக்கச் சொல்கிறார்கள். – வாசகர், பாரிஸ்

அறுப்பது கடைசி வழி. அலுமினியக் கம்பி எஃகுக் குழாய்க்குள் வருடக்கணக்கில் வியர்வையும் மழைத்தண்ணீரும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து பூத்துக் கெட்டியாகிவிடும். சீட் போல்ட்டை முழுசாகக் கழற்றிவிடுங்கள், நிறையப் பேர் தளர்த்துவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிபி அச்சைக் கழற்றி, அந்த வழியாகச் சீட்டுக் குழாய்க்குள் துருநீக்கி எண்ணெயை விடுங்கள். மேலிருந்து விட்டால் விளிம்போடு நின்றுவிடும், கீழிருந்து விட்டால்தான் கம்பியின் அடிமுனைக்குப் போய்ச் சேரும். ஒரு வாரம் தினமும் கொஞ்சம் விடுங்கள். அப்புறம் பழைய சீட் ஒன்றை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். சுத்தியல் வேண்டாம், அடித்தால் உள்ளே இன்னும் இறுகும். குழாயைப் பைப் ரெஞ்சால் பிடிக்க நினைக்கவே வேண்டாம், 27.2 குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

கம்பியில் நீளவாக்குப் பள்ளங்களும், கம்பெனிப் பெயரைச் செதுக்கி வண்ணம் பூசியும் இருந்தால் கூடுதல் பொறுமை காட்டுங்கள். 70, 80-களில் ஃபிரேம் கட்டுபவர்கள் கம்பன்யோலோ, சினெல்லி பாகங்களை வாங்கித் தங்கள் பெயரைச் செதுக்கிப் போட்டார்கள். அந்தச் செதுக்கல் ஒன்றுக்காகவே அந்தப் பாகத்தைத் தேடி அலைபவர்கள் உண்டு.

டொரொன்டோவில் எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா கொடுத்த சைக்கிளில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது, எங்கே தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. குப்பையா? – வாசகி

குப்பை இல்லை. இத்தாலியில் அன்றைக்கு ஊருக்கு ஊர் ஒரு சைக்கிள் கடை, கடைக்கு ஒரு பெயர். அவர்களில் பலர் ஃபிரேமைத் தாங்களே கட்டியதில்லை. வேறொரு பட்டறையில் மொத்தமாகக் கட்டி வாங்கி, பெயிண்ட் அடித்து, தங்கள் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அந்தப் பட்டறைக்காரரே பெரிய பெயர்களுக்கும் கட்டிக்கொடுத்திருக்கலாம். இது இத்தாலியில் ஒன்றும் ரகசியமில்லை. பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972-ல் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்தாரே, அந்தச் சைக்கிளைக் கட்டியதும் நம் கொல்னாகோதான். அடுத்த வருடங்களில் அவருக்கு ஃபிரேம் கட்டியவர் உகோ டி ரோசா. பெயர் ஒருவருடையதாகவும் கை வேறொருவருடையதாகவும் இருப்பது அந்தத் தொழிலில் சகஜம்.

உங்கள் படத்தில் குழாய்கள் சேரும் லக்குகளின் விளிம்பு நன்றாக அரமிட்டு மெல்லிசாக இருக்கிறது, மூலையில் பித்தளை வழிந்து நிற்கவில்லை. பிபி கூட்டின் அகலம் 70 மி.மீ. என்கிறீர்கள், அதில் 36×24 என்றும் பொறித்திருக்கிறது. அது இத்தாலிய மரை. ஆங்கிலேய மரை என்றால் 68 மி.மீ. இருக்கும், அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப் இடது மரையாக இருக்கும். இத்தாலியில் இரண்டு பக்கமும் வலது மரைதான். இதைத் தெரியாத கடைக்காரரிடம் கொடுத்தால் வலப்பக்கக் கப்பைத் தலைகீழாகத் திருகி மரையைப் பிய்த்துவிடுவார், அதனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

விற்கப்போனால் பெயருக்குத்தான் விலை. இதே குழாய், இதே பாகங்கள், இதே வேலைப்பாடு இருந்தும் கொல்னாகோவுக்குக் கிடைக்கிற விலையில் பாதிகூட உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் வாங்கி ஓட்டுகிறவனுக்கு இதைவிட லாபமான சைக்கிள் கிடையாது. என்னிடம் யோசனை கேட்கிற இளைஞர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதைத்தான்: பெயர் தெரியாத கொலம்பஸ் ஃபிரேம் வாங்கு, மிச்சக் காசில் நல்ல சக்கரம் போடு. தாத்தா இருக்கும்போதே அது எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்று கேட்டு எழுதி வையுங்கள், அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

பெயிண்ட் பல இடத்தில் உரிந்திருக்கிறது. புதிதாக அடித்தால் விலை கூடுமா?

குறையும். முதல் பெயிண்ட் எவ்வளவு அடிபட்டிருந்தாலும் அதை வைத்திருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, கடைசியில் கொஞ்சம் மெழுகு, அவ்வளவு போதும். குரோம் பூசிய இடத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், கறுப்பாக ஒரு சேறு கிளம்பும், துடைத்தால் பளிச்சென்று வரும். அலுமினிய பாகங்களில் இதைச் செய்யாதீர்கள், ஸ்டீல் வுல்லும் வேண்டாம், மேலே இருக்கிற மங்கலான பூச்சு போய்விட்டால் திரும்ப வராது. ஏற்கெனவே யாரோ கண்டபடி அடித்த ஃபிரேம் என்றால் அது வேறு விஷயம், அதை ஒழுங்காக மறுபடி அடிப்பதில் நஷ்டமில்லை. செலவு திரும்ப வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்தச் சைக்கிள்களை நேரில் பார்க்க எங்கே போகலாம்? – வாசகர், லுகானோ

லுகானோவில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! எல்லை தாண்டினால் கோமோ ஏரி, அதற்கு மேலே மலையில் மதோன்னா தெல் கிசாலோ என்று ஒரு சின்னத் தேவாலயம். 1949-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிளோட்டிகளின் காவல் தெய்வமாக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் சைக்கிள், கோப்பி, பார்த்தாலி ஓட்டியவை உட்பட. பக்கத்திலேயே சைக்கிள் அருங்காட்சியகமும் இருக்கிறது. பூட்டின கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முறை அசலைப் பார்த்துவிட்டால் அப்புறம் இணையத்தில் வருகிற போலியைக் கண்டுபிடிப்பது எளிது. காரை விட்டுவிட்டு சைக்கிளிலேயே ஏற நினைத்தால் பெல்லாஜியோ பக்கத்து ஏற்றம் கொஞ்சம் பழிவாங்கும்.

லண்டனில் 1985-ல் செய்த பினரெல்லோ என்ற இத்தாலிய ரேஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். அடுத்த முறை லெரோயிகா ஓட்டலாம் என்று ஆசை. என்னென்ன மாற்ற வேண்டும்?

லெரோயிகா 1997-ல் டஸ்கனியில் கையோலே இன் கியாந்தி என்ற ஊரில் ஆரம்பித்தது, வெள்ளை மண் சாலைகளில் பழைய ரேஸ் சைக்கிளில் மட்டும் ஓட்டுகிற விழா. சைக்கிள் 1987 வரை செய்ததாக இருக்க வேண்டும். கியர் லீவர் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பெடலில் கிளிப்பும் தோல் வாரும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தொங்க வேண்டும், டேப்புக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. 1985-ன் பினரெல்லோ என்றால் வருடம் சரி. யாராவது பிற்காலத்தில் பிரேக் லீவரை மட்டும் மாற்றியிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் கியர். அந்தக் காலத்துப் பந்தய சைக்கிளில் முன்னால் சின்னச் சக்கரமே 42 பல், பின்னால் பெரியது 21 அல்லது 23. கியாந்தியில் அந்த ஏற்றத்தில், அதுவும் தளர்ந்த மண்ணில், அதை மிதிக்க முழங்கால் இரும்பாக இருக்க வேண்டும். பின்னால் 26 பல் உள்ள ஃப்ரீவீல் தேடிப் போடுங்கள், டெரெய்லர் ஒத்துழைத்தால் 28. பழைய ரெஜினா ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கென்றே இரண்டு பல் உள்ள சாவி உண்டு, அது இல்லாமல் உளியால் தட்டினால் அந்தச் சாவி பொருந்துகிற பிளவு உடைந்துபோகும், அப்புறம் சக்கரத்தையே பிரிக்க வேண்டியதுதான்.

சக்கரத்தில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயர் இருக்கிறதா? ஒட்டி எத்தனை வருடம் என்று தெரியாவிட்டால் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். காய்ந்த பசை நேர்ச் சாலையில் தாங்கும், இறக்கத்தில் வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். பிரேக் கட்டைகளையும் அப்படியே மாற்றிவிடுங்கள். 40 வருட ரப்பர் கல்லாகிப் போயிருக்கும், ஒரிஜினல் என்று அதைப் பாதுகாக்க ஆசைப்பட்டால் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு சைக்கிளை விற்கும்போது கூடவே கொடுங்கள்.